மலைக்குப் பூட்டு, மீனுக்கு மௌனம்: நம் தமிழ்ப் பள்ளி நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நம் ஊர் வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் நிர்வாகக் குழுவினருக்கு,

போன வாரம் உங்களிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நான்காம் நிலைப் பிள்ளைகள் வருஷா வருஷம் மார்ச் மாதம் நம் சான் ஹோசேயை ஒட்டிய நியூ அல்மடேன் மலைக்குப் போகும் நடை இனி கிடையாது, அங்கே பழைய பாதரசச் சுரங்கம் இருப்பதால் பெற்றோர் சிலர் கவலைப்படுகிறார்கள் என்று இரண்டே வரி. ஒன்பது வருஷமாகப் பிள்ளைகளை அந்த மலைக்குக் கூட்டிக்கொண்டு போகிறவள் நான். முடிவெடுக்கும் முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் அதே வாரம் நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. ஊரிலிருந்து பிள்ளை வீட்டுக்கு வந்திருக்கும் ஒரு தாத்தா அந்த மலையை ஒட்டிய நீர்த்தேக்கக் கரையில் நிற்கிறார். கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு பாஸ் மீன். பக்கத்தில் பேத்தி, வாயெல்லாம் பல். கீழே, "இன்னைக்கு ராத்திரி குழம்பு!" அறுபதுக்கும் மேல் இதயக்குறிகள். அதில் நான்கு நிர்வாகக் குழுவினர் போட்டவை. "தயவுசெய்து அந்த மீனைச் சாப்பிடாதீர்கள், அந்த நீர்த்தேக்கத்து மீனில் பாதரசம் இருக்கிறது" என்று நான் எழுதினேன். பத்து நிமிஷத்தில் அதை நீக்கிவிட்டீர்கள். "பொதுக் குழுவில் பீதியைக் கிளப்ப வேண்டாம்" என்று எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது.

அந்த வீட்டுக்கு நானே போன் செய்தேன். மருமகள் எடுத்தார். குழம்பு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

இந்த மடலை எழுத வைத்தது அந்தக் கொதிக்கும் குழம்புதான். பிள்ளைகள் நடந்து பார்த்துவிட்டுத் திரும்பக்கூடிய ஒரு மலையை ஆபத்து என்று மூடிவிட்டீர்கள். அந்த மலையின் பாதரசம் மனித உடம்புக்குள் போகிற வழி மீன். அதைப் பற்றிப் பேசியவளின் வாயை மூடிவிட்டீர்கள். இரண்டும் தவறான இடத்தில் விழுந்த பூட்டு என்று உங்களிடம் நேராகச் சொல்கிறேன்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், நானும் அந்தக் குழம்பை வைத்தவள்.

2012-ல் என் அப்பா முதல்முறையாக இங்கே வந்தார். தாமிரபரணிக் கரையில் பிறந்து வளர்ந்தவர். தூண்டிலும் கையுமாக வாழ்ந்த மனிதருக்கு சான் ஹோசேயில் என்ன பொழுதுபோக்கு இருக்கும்? டிவி பார்ப்பார், வாசலில் நிற்பார், திரும்ப வந்து டிவி பார்ப்பார். அவர் முகம் வாடுவதைப் பார்த்துவிட்டு என் கணவர் ஒரு தூண்டில் வாங்கி, லைசென்ஸும் எடுத்துக் கொடுத்தார். சனிக்கிழமை காலையில் அல்மடேன் நீர்த்தேக்கக் கரையில் அவரைக் காரில் கொண்டுபோய் விடுவார். மதியம் கூட்டிக்கொண்டு வருவார். அப்பா பிளாஸ்டிக் பையில் இரண்டு மீனாவது கொண்டுவருவார். பின்பக்கம் பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து அவரே செதில் உரசுவார். மஞ்சளும் கல் உப்பும் போட்டு ஏழு தண்ணீர் கழுவுவார். நான் புளி கரைத்து, எங்கள் பக்கத்து முறைப்படி தேங்காய் அரைத்து ஊற்றிக் குழம்பு வைப்பேன். நான்கு சனிக்கிழமைகள் இப்படிப் போயின. அப்போது நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. "புள்ளைக்கு நல்லதும்மா, நாலு துண்டு போட்டுக்க" என்று அப்பாவே தட்டில் வைப்பார்.

ஐந்தாவது சனிக்கிழமை வெறும் பையோடு வந்தார். கரையில் ஒரு வியட்நாமியப் பெரியவர் தினமும் மீன் பிடிப்பாராம். பிடிப்பார், கொக்கியைக் கழற்றுவார், தண்ணீரிலேயே விட்டுவிடுவார். அன்றைக்கு அப்பாவின் பையைப் பார்த்திருக்கிறார். மீனைக் காட்டி, வாயைக் காட்டி, கையை வேகமாக ஆட்டி, வேண்டாம் வேண்டாம் என்று சைகை செய்திருக்கிறார். அப்புறம் அப்பாவைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டுபோய் ஒரு பலகையின் முன் நிறுத்தியிருக்கிறார். அப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. "ஏதோ மீன் படம் போட்டுக் குறுக்கே கோடு கிழிச்சிருக்குமா, என்னன்னு போய்ப் பாரு" என்றார்.

போய்ப் பார்த்தேன். இந்த மீனைச் சாப்பிடாதே என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. என் கணவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு முறை தாண்டிப் போன பலகை. லைசென்ஸ் விதி ஏதோ போட்டிருக்கிறது என்று நினைத்திருக்கிறார். நாங்கள் இருவரும் பட்டம் வாங்கி வேலை பார்க்கிறவர்கள்.

மருத்துவர் ரத்தத்தில் பாதரசம் எவ்வளவு என்று பார்க்கச் சொன்னார். முடிவு வரும்வரை நான் தூங்கவில்லை. அப்பா அதற்கும் மேல். யாரிடமும் பேசாமல் பின்பக்கமே உட்கார்ந்திருந்தார். தூண்டிலை மடக்கிக் கராஜின் மூலையில் வைத்தவர், ஊர் திரும்பும்வரை அதைத் தொடவில்லை. கவலைப்படும் அளவுக்கு இல்லை என்று முடிவு வந்தது. என் மகள் நன்றாக இருக்கிறாள், உங்கள் பள்ளியில்தான் படிக்கிறாள். ஆனால் நான்கு வாரத்தில் அது நின்றதற்குக் காரணம், எங்கள் மொழி தெரியாத ஒரு பெரியவரின் கை சைகை. நம்மவர் ஒருவர்கூட எங்களிடம் சொன்னதில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த மலையைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். நடையைத் தொடங்கியதும் அதனால்தான். அந்த நடையில் பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்கிறேன் என்று உங்களில் யாரும் வந்து கேட்டதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

மலைப் பூங்காவின் ஹசியெண்டா நுழைவாயிலில் இறங்கியதும் முதலில் பாறையைக் காட்டுவேன். வழவழப்பான பச்சைப் பாறை, பாம்புத் தோல் மாதிரி மினுமினுக்கும். சர்ப்பன்டைன் என்று அதற்குப் பெயரே பாம்பை வைத்து வந்ததுதான். கலிபோர்னியாவின் மாநிலப் பாறையும் அதுவே. இந்த மலை ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்தது. கடல்தரையும் அதன் சேறும் கண்டத்தின் விளிம்புக்கு அடியில் செருகி, நசுங்கி, கலந்து மேலே வந்த குவியல். அப்புறம் வெகு காலம் கழித்துப் பூமிக்குள்ளிருந்து கரியமில வாயு கலந்த வெந்நீர் பிளவுகள் வழியாக ஏறியது. அது பச்சைப் பாறையைத் தின்று, கடினமான, துருநிறப் பாறையாக மாற்றியது. புவியியலாளர்கள் அதை சிலிக்கா-கார்பனேட் பாறை என்பார்கள். அந்தப் பாறை நொறுங்கி விரிசல் விட்ட இடங்களில் வெந்நீர் கொண்டுவந்த பாதரசமும் கந்தகமும் சேர்ந்து ரத்தச் சிவப்பாகப் படிந்தன.

அந்தச் சிவப்புக் கல்லின் பெயரைச் சொன்னால் பிள்ளைகளுக்குத் தெரியாது, அவர்களுடைய தாத்தா பாட்டிகளுக்குத் தெரியும். சாதிலிங்கம். நாட்டு மருந்துக் கடையில் விற்பது, சித்த வைத்தியர் சுத்தி செய்து, அதாவது நச்சை நீக்கிய பிறகே மருந்துக்கு எடுப்பது. இரண்டாவது முறை அப்பா வந்தபோது அங்கே இருக்கும் சுரங்க அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கல்லைப் பார்த்ததும், "இது சாதிலிங்கமில்லா! இதுலயா உங்க ஊரு மீனு கெட்டுப்போச்சு?" என்றார். விளக்கப் பலகையில் எழுதியிருந்ததைவிட அந்த ஒரு சொல் எனக்கு அதிகம் விளங்க வைத்தது. நம் மொழியில் இதற்கெல்லாம் பெயர் இருக்கிறது, இதை நச்சு என்று அறிந்து கையாண்ட மரபும் இருக்கிறது. தமிழ்ப் பள்ளியில் சொல்லாமல் இதை வேறெங்கே சொல்வது?

இந்தக் கல்லை முதலில் எடுத்தவர்கள் இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான ஓலோனி மக்கள். உடம்பில் பூசிக்கொள்ளும் சிவப்புச் சாயத்துக்காக எடுத்தார்கள். தொலைதூரத்து இனத்தாரும் இதைத் தேடி வந்திருக்கிறார்கள். 1824-ல் இங்கே குடியேறியிருந்தவர்கள் வெள்ளி கிடைக்கும் என்று தோண்டிப் பார்த்து ஏமாந்தார்கள். 1845-ல் ஆந்த்ரேஸ் காஸ்தியேரோ என்ற மெக்சிகோ ராணுவ அதிகாரி சாண்டா கிளாரா மிஷன் என்ற கத்தோலிக்கத் துறவியர் நிலையத்தில் தங்கியிருந்தபோது இந்தக் கல்லைப் பார்த்தார். பொடித்து நெருப்புத் தணலின் மேல் தூவி, ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தார். டம்ளரின் உள்பக்கம் வெள்ளி முத்துகளாகத் துளி துளியாகப் படிந்தது. பாதரசம்! நான் ஒரு காலி டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்தபடி இந்தக் கதையைச் சொல்லும்போது இருபது பிள்ளைகளும் மூச்சு விடாமல் அதற்குள் பார்ப்பார்கள்.

ஸ்பெயினில் 2,000 வருஷத்துக்கு மேல் தோண்டப்பட்ட அல்மடேன் பாதரசச் சுரங்கத்தின் பெயரையே இதற்கும் வைத்தார்கள். அந்தச் சொல் அரபியிலிருந்து வந்தது, பொருள் 'சுரங்கம்'. மூன்று வருஷம் கழித்து, 1848-ல், இதே கலிபோர்னியாவின் சியரா மலையடிவாரத்தில் தங்கம் கிடைத்தது. மணலோடு கலந்த பொடித் தங்கத்தைப் பிரிக்கப் பாதரசம் வேண்டும், அது தங்கத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அதுவரை உலகச் சந்தையில் பாதரசம் என்றால் பெரும்பாலும் ஸ்பெயின், இல்லையென்றால் இன்றைய ஸ்லோவேனியாவின் இத்ரியா. இப்போது தங்கத்துக்குப் பக்கத்திலேயே பாதரசம். இந்தச் சுரங்கம் யாருக்குச் சொந்தம் என்று நடந்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1863-ல் அமெரிக்க அதிபர் லிங்கன் இந்தச் சுரங்கத்தைக் கைப்பற்ற ஆணையிட்டார். தொழிலாளிகள் வழிமறித்து நின்றார்கள். மாநிலம் முழுக்கச் சுரங்கக்காரர்கள் கொதித்ததில் ஆணை நிறுத்திவைக்கப்பட்டது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த வருஷத்தில், இந்த ஒரு மலைக்காக!

எல்லாம் முடிந்து கணக்குப் பார்த்தால் 10 லட்சம் குடுவைக்கு மேல் பாதரசம் இங்கிருந்து போயிருக்கிறது. வட அமெரிக்காவில் வேறெந்தச் சுரங்கமும் இவ்வளவு தரவில்லை. ஒரு குடுவை என்பது 76 பவுண்டு, ஏறக்குறைய 34 கிலோ. கொள்ளளவோ இரண்டரை லிட்டர்தான். நம் வீட்டுச் சின்ன எண்ணெய்க் கேன் அளவு இரும்புக் குடுவையில் ஒரு நான்காம் நிலைப் பிள்ளையின் எடை. இதைச் சொன்னால் யாராவது ஒரு பையன் பக்கத்தில் நிற்பவனைத் தூக்கிப் பார்ப்பான்.

அப்புறம் மேலே ஏறுவோம். ஸ்பானிஷ் டவுன் இருந்த சரிவில் இன்று ஓக் மரங்கள்தான் நிற்கின்றன. அங்கே குடியிருந்த மெக்சிகோக்காரர்கள் தொடக்க காலத்தில் தாதுவைத் தோல்பையில் கட்டி, வாரை நெற்றியில் மாட்டி, படி வெட்டிய மரக்கட்டைகளில் கால் வைத்துப் பூமிக்குள்ளிருந்து ஏறி வருவார்கள். ஒரு சுமை 200 பவுண்டு வரை. இன்னொரு சரிவில் இங்கிலீஷ் கேம்ப். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்கத் தொழிலாளிகள் வாழ்ந்த இடம். இதே கார்ன்வால்காரர்கள்தான் கோலார் தங்கவயலுக்கும் போய் நம் வட ஆற்காட்டு மக்களோடு வேலை பார்த்தார்கள். எங்கள் வகுப்பில் தங்கவயல் குடும்பத்துப் பிள்ளை ஒன்று இருந்தது. இதைக் கேட்ட அன்று இரவே அது பாட்டிக்குப் போன் செய்து, "எங்க ஊர்லயும் உங்க ஊர் மாதிரி இருக்கு பாட்டி" என்றதாம்.

சுரங்கம் 2,000 அடிக்கும் மேல் ஆழம் போயிற்று. பிள்ளைகள் பார்ப்பது சான் கிறிஸ்டோபல் என்ற சின்ன வாயை மட்டும்தான். இரும்புக் கம்பிக்கதவு போட்டிருக்கிறது. அதன் முன் வரிசையாக நிற்கச் சொல்வேன். உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் வந்து படும். யாரும் சொல்லாமலேயே எல்லோரும் குரலைத் தாழ்த்திவிடுவார்கள்.

கீழே திரும்பி வரும்போது உலைகள் இருந்த இடத்தில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பதில்லை. ஏன் பிரிப்பதில்லை என்று அங்கேதான் சொல்வேன். தாதுவை உலையில் போட்டு வறுப்பார்கள். பாதரசம் ஆவியாகும், அதைக் குளிர்வித்துப் பிடிப்பார்கள். பிடிபடாத ஆவியை உலைக்காரர்கள் சுவாசித்தார்கள். வாயில் எச்சில் நிற்காமல் ஊறும், ஈறு வீங்கும், பல் ஆடும், கை நடுங்கும். வறுத்து முடித்த கழிவுக்கல்லை ஓடைக்கரையில் கொட்டினார்கள். மழைக்காலத்தில் அலமிட்டோஸ் ஓடை அதை அடித்துக்கொண்டு போகும், மறுபடி கொட்ட இடம் கிடைக்கும். அந்த ஓடை நம் வீடுகளுக்கு நடுவே ஓடி, குவாதலூப் ஆற்றில் சேர்ந்து, சான் ஹோசே நகரத்தின் நடுவே போய், அல்விசோவில் விரிகுடாவில் விழுகிறது. நம் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டும் பாதை அந்த ஓடைக்கரைதான்.

1930-களில் இந்த ஓடைகளில் அணை கட்டினார்கள். அல்மடேன், குவாதலூப், கலேரோ. அல்மடேன் நீர்த்தேக்கத்திலிருந்து கலேரோவுக்குக் கால்வாயும் உண்டு. இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. கல்லில் இருக்கும் சாதிலிங்கம் தண்ணீரில் சுலபத்தில் கரையாது. கோடையில் நீர்த்தேக்கத்தின் அடித்தண்ணீரில் பிராணவாயு தீர்ந்துபோகிறது. பிராணவாயு இல்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் பாதரசத்தை, உயிர்களின் உடம்பில் தங்கிச் சேரும் நச்சு வடிவமான மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது பாசியில் ஏறி, பாசியைத் தின்னும் சின்னப் பூச்சியில் சேர்ந்து, பூச்சியைத் தின்னும் குஞ்சு மீனில் கூடி, குஞ்சைத் தின்னும் பாஸ் மீனில் பெருகி நிற்கிறது. படி ஏற ஏறக் கூடிக்கொண்டே போகும். பெரிய மீன், வயதான மீன் என்றால் அதிகம். அந்தத் தாத்தா கையில் இருந்தது அப்படிப்பட்ட மீன். இது கொழுப்பிலோ தோலிலோ இல்லை, சதையிலேயே இருக்கிறது. மஞ்சள் தடவினாலும் போகாது, ஏழு தண்ணீர் கழுவினாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. கர்ப்பத்தில் இருக்கும் குழந்தையின் மூளையையும் சின்னப் பிள்ளைகளின் மூளையையும் இது முதலில் தாக்கும். அதனால்தான் இந்த மூன்று நீர்த்தேக்கங்களின் மீனை யாரும் சாப்பிடக் கூடாது என்று மாநிலமே சொல்லியிருக்கிறது. பிடிக்கலாம், திரும்ப விட்டுவிட வேண்டும்.

இதைச் சொன்னால் பீதி என்கிறீர்கள்.

நமக்குப் பாதரசம் புதிதா? கொடைக்கானலில் ஒரு வெப்பமானி ஆலை இருந்தது. நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து 1980-களில் வைத்தார்கள். 2001-ல் பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் கிடந்ததை ஊர்க்காரர்கள் கண்டுபிடித்த பிறகுதான் ஆலை மூடப்பட்டது. உள்ளே வேலை பார்த்தவர்களுக்கு, கையில் உருட்டி விளையாடும் அந்த வெள்ளி உருண்டை என்ன செய்யும் என்று யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. அந்தத் தொழிலாளிகளுக்காக இந்த ஊரில் நாம் கையெழுத்து வாங்கினோம், கூட்டம் போட்டோம். உங்களில் சிலர் அன்று மேடையில் பேசினீர்கள், நான் கீழே உட்கார்ந்து கைதட்டினேன். அங்கே சொல்லாமல் விட்டதைக் குற்றம் என்று சொன்ன நாம், இங்கே நம் குழுவில் ஒருவர் சொன்னதை அழிக்கலாமா?

மலை நடையைப் பற்றிய உங்கள் கவலைக்கும் வருகிறேன். அது நியாயமான கேள்வி, பெற்றோர் கேட்கத்தான் வேண்டும். 1970-களில் சுரங்க வேலை நின்ற காலத்தில் அந்த நிலத்தை மாவட்ட அரசு வாங்கிப் பூங்காவாக்கியது. 4,000 ஏக்கருக்கு மேல். 1990-களில் உலைக் கழிவுகளை அள்ளி, மூடி, சரிவுகளைச் சீர்செய்தார்கள். சுரங்க வாய்கள் அடைக்கப்பட்டிருக்கின்றன. தினமும் பலர் நடக்கிறார்கள், குதிரையில் போகிறார்கள். நான் பிள்ளைகளைப் பாதையை விட்டு இறங்க விடுவதில்லை. கல்லைப் பொறுக்க விடுவதில்லை, ஓடையில் கால் வைக்க விடுவதில்லை. சாப்பிடும் முன் எல்லோரும் கை கழுவிவிட்டுத்தான் காருக்குப் பக்கத்தில் உட்காருவார்கள். வீட்டுக்குப் போனதும் செருப்பை வெளியே கழற்றச் சொல்வேன், அது நமக்குச் சொல்லித் தர வேண்டிய பழக்கமும் இல்லை. ஒன்பது வருஷத்தில் நடந்த ஒரே அசம்பாவிதம், ஒரு பையன் விஷ ஓக் செடியில் கை வைத்து ஒரு வாரம் சொறிந்துகொண்டிருந்தது. இதற்கு மேல் ஏதாவது வேண்டுமென்றால் கேளுங்கள், செய்கிறேன். கேட்காமல் மூடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வருஷம் நடைக்கு வந்த ஒரு பெண்பிள்ளை, வீட்டில் ஃப்ரீசரைத் திறந்து, "இந்த மீன் எங்கே பிடிச்சது?" என்று தாத்தாவிடம் கேட்டிருக்கிறாள். கலேரோ என்றிருக்கிறார். அவளே எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டாள். அம்மா எனக்குப் போன் செய்து முதலில் கோபப்பட்டார், அப்புறம் வெகுநேரம் பேசாமல் இருந்தார், அப்புறம் நன்றி சொன்னார். நீங்கள் ரத்து செய்தது இப்படி வீட்டுக்குள் போய்ச் சேரும் ஒரு பாடத்தை.

ஆகவே நான் கேட்பது இவை. மலை நடையை ரத்து செய்த முடிவைத் திரும்பப் பெறுங்கள். கவலை தெரிவித்த பெற்றோரை அழையுங்கள், அவர்கள் முன்னால் நின்று எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்ல நான் தயார். விரும்புகிற பெற்றோர் கூடவே நடக்கட்டும், விரும்பாதவர்கள் பிள்ளையை அனுப்ப வேண்டாம், அதற்கு மதிப்பெண் எதுவும் குறையாது.

நீக்கிய என் செய்தியைப் பள்ளியின் பெயரிலேயே திரும்பப் போடுங்கள். என் பெயர் வேண்டாம். அல்மடேன், குவாதலூப், கலேரோ ஆகிய மூன்று பெயரும் தெளிவாக இருக்கட்டும், இந்த மலையிலிருந்து இறங்கும் ஓடைகளும் ஆறும் அதில் சேர்ந்தே வர வேண்டும். பிடிக்கலாம், சாப்பிடக் கூடாது என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதுங்கள். கோடையில் தாத்தா பாட்டிகள் வந்திறங்கும் மே மாதத்திலும், நம் பிக்னிக் அழைப்பிலும் ஒவ்வொரு வருஷமும் அது தவறாமல் வர வேண்டும். மீனையே விடச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மத்தியும் நெத்திலியும் பாதரசம் குறைந்த மீன்கள், கடையில் கிடைக்கின்றன. தூண்டில் போடும் தாத்தாவின் சந்தோஷத்தையும் பறிக்க வேண்டாம், பிடித்துப் படம் எடுத்துவிட்டுத் தண்ணீரில் விடட்டும்.

நீர்த்தேக்கக் கரைகளில் இருக்கும் எச்சரிக்கைப் பலகையில் தமிழையும் சேர்க்கச் சொல்லி நம் பள்ளியின் பெயரில் ஒரு விண்ணப்பம் கொடுங்கள். எழுதித் தருகிறேன், கையெழுத்து வாங்கவும் வருகிறேன். நான்காம் நிலைப் பாடத்தில் 'நம் ஊர் மலை' என்று இரண்டு பக்கம் சேர்க்க இடம் கொடுங்கள். பச்சைப் பாறை, சாதிலிங்கம், ஓலோனி மக்கள், கவிழ்த்த டம்ளர், உலை, ஓடை, மீன் எல்லாம் வைத்து எழுதி முடித்து என் கையில் இருக்கிறது.

இந்த மாதக் கடைசிக்குள் எனக்கு எழுத்தில் பதில் வேண்டும். மார்ச் இரண்டாம் சனிக்கிழமைக்குப் பதினெட்டுப் பிள்ளைகளின் பெற்றோர் ஏற்கெனவே அனுமதிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் படிவங்களை நான் திருப்பிக் கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
நான்காம் நிலை ஆசிரியை